நகம் கறுத்தால், நாய் துரத்தினால்: புதிதாக ஓடுகிறவருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மூச்சு வாங்கும் என்று தெரிந்துதான் போனேன். கால் வலிக்கும் என்பதும் தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்து பெனியனைக் கழற்றும்போது நெஞ்சில் இரண்டு இடத்தில் இரத்தக்கறை இருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கால் நகம் கறுக்கும், தொடை அரிக்கும், விடியற்காலையில் சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்டிக் கழிவறை கேட்க வேண்டி வரும், இதையெல்லாம் சொல்லவே இல்லை.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வயது 42. நாள் முழுக்கக் கதிரையில் இருந்து செய்கிற வேலை. சீனி வருத்தம் வாசலில் நிற்கிறது என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் சப்பாத்து வாங்கினேன். மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் வீடு என்பதால் கடற்கரை, பாலம், வாவியோரம் என்று ஓட இடத்துக்குக் குறைவில்லை. குறைந்தது என்னிடம் இருந்த விபரம்தான்.

கீழே உள்ளதை முழுவதும் வாசிக்கத் தேவையில்லை. உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் பாருங்கள்.

முதலில்: இவை வந்தால் சரிபார்க்க நிற்க வேண்டாம்

நெஞ்சு இறுக்கம் அல்லது நெஞ்சுவலி, அது தோளுக்கோ தாடைக்கோ இடது கைக்கோ பரவுவது, மயக்கம், ஓட்டத்தை நிறுத்திப் பல நிமிடம் ஆகியும் அடங்காத மூச்சுத்திணறல், வெயிலில் ஓடியவர் தடுமாறிச் சம்பந்தமில்லாமல் கதைப்பது: இதில் ஒன்று நடந்தாலும் நிறுத்தி 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும், காசில்லை. வெயில் ஏறியவரை அது வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். ஓடிய பிறகு சிறுநீர் கறுப்புத் தேத்தண்ணி நிறத்தில் போனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

40 வயதைத் தாண்டியவர், பிரஷர், சீனி, இருதய வருத்தம் உள்ளவர், வீட்டில் இளவயதில் மாரடைப்பு வந்த ஆட்கள் இருப்பவர், தொடங்க முன்னம் ஒருமுறை வைத்தியரைப் பாருங்கள். சீனிக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் சட்டைப் பையில் நாலு டொபியோ குளுக்கோஸோ இல்லாமல் வெளியே போகக் கூடாது. கை நடுங்கி, குளிர் வியர்வை வந்து, கண் மங்கினால் அது களைப்பு அல்ல, சீனி இறங்குகிறது. இருந்து, சாப்பிட்டு, சரியான பிறகு நடந்தே வீட்டுக்கு வாருங்கள்.

மூன்றாவது நிமிடத்திலேயே மூச்சு முட்டுகிறது

நான் தொடங்கியது திருச்செந்தூர் முருகன் கோயிலடியில், 2004 சுனாமியில் கோபுரம் சாய்ந்த அந்தக் கோயில்தான். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி நினைப்பில் ஓடினேன். மூன்று நிமிடத்தில் நானும் அந்தக் கோபுரம் போலச் சாய்ந்துவிட்டேன்.

நுரையீரல் பழுது, வயது போய்விட்டது, சிறுவயதில் பிடித்த சிகரெட் என்று காரணங்களைத் தேடினேன். சோதிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: வேகம். ஓடும்போது இந்த வசனத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: "மச்சான், நான் இப்ப ஓடிக்கொண்டு இருக்கிறன், மறுகா எடுக்கிறன்." ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. "மச்சான்" என்றதோடு நின்றால் வேகம் கூட.

குறைக்கச் சொன்னால் எல்லோரும் கொஞ்சம் குறைப்பார்கள். அது போதாது. வெட்கப்படும் அளவுக்குக் குறைக்க வேண்டும். கோயிலுக்குப் பூத்தட்டோடு போகிற அம்மா ஒருவர் என்னை முந்திப் போனார். அதுதான் அந்த மாதத்துக்கு எனக்குச் சரியான வேகம்.

அதிலும் முட்டினால் ஓட்டத்தைத் துண்டு போடுங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டுத் தரம். வாரத்தில் மூன்று நாள். அடுத்த வாரம் ஒன்றரை நிமிடம். 9 வாரத்தில் 5 கிலோமீட்டருக்குக் கூட்டிப்போகிற திட்டங்கள் எல்லாமே அடிப்படையில் இந்தத் துண்டு வேலைதான். நடந்தால் ஓட்டம் கணக்கில் சேராது என்று ஒரு நினைப்பு எனக்கும் இருந்தது. நடக்காமல் ஓடி, நாலாவது நாள் விட்டுவிட்ட ஆட்கள் எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று பேர்.

மூச்சோடு சேர்ந்து விசில் சத்தம், ஓடி முடித்து ஐந்து பத்து நிமிடம் கழித்து இருமல் என்றால் அது வேகம் அல்ல, தொய்வாக (ஆஸ்துமா) இருக்கலாம். வைத்தியரிடம் காட்டுங்கள்.

விலாவில் கத்தி போலக் குத்துகிறது

விலா எலும்புக்குக் கீழே, பெரும்பாலும் வலது பக்கம். பயமாக இருக்கும், ஆபத்து இல்லை. நடைக்கு மாறி, வலிக்கிற இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் போகும். திரும்பத் திரும்ப வந்தால் சாப்பாட்டைப் பாருங்கள். வயிறு நிறையப் பிட்டு சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் ஓடினால் வராமல் என்ன செய்யும்? இனிப்புப் பானம், சோடா குடித்துவிட்டு ஓடுவதும் இதைக் கிளப்பும்.

ஓடிய அன்று ஒன்றுமில்லை, மற்ற நாளும் அதற்கடுத்த நாளும் இறங்க முடியவில்லை

படியில் ஏறலாம், இறங்க முடியாது. குந்தும் கழிவறையில் குந்தலாம், எழும்ப முடியாது. முதல் வாரம் நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

பழக்கமில்லாத தசைநார்களில் நுண்ணிய சேதம் வந்து, அது ஆறும்போது வருகிற வலி இது. 24 மணித்தியாலத்தில் இருந்து 72 மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்கு ஏறி இறங்கும். லக்டிக் அமிலம் தேங்கி நிற்பதால் என்று பலர் சொல்வார்கள்; அந்த அமிலம் ஓடி முடித்து ஒரு மணித்தியாலம் அளவிலேயே போய்விடும், அதன்மேல் பழி போட வேண்டாம். வலி இரண்டு காலிலும் ஒரே மாதிரி, தசையின் நடுவில் இருக்கிறதா? சரி, அது இதுதான். மெதுவாக நடங்கள், நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள், நித்திரை கொள்ளுங்கள். சித்தாலேப பூசினால் ஆறுதலாக இருக்கும். ஆறுவது தன்பாட்டில் ஆறும். இரண்டாவது தரம் இதே ஓட்டத்துக்கு இவ்வளவு வலிக்காது, உடம்பு ஒருமுறையிலேயே கொஞ்சம் படித்துக்கொள்கிறது.

வலிக்கும் என்று முன்கூட்டியே புரூபன் போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். நம் ஊர் வெயிலில் உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

தொடை அரிக்கிறது, சொறிந்துகொண்டே ஓட வேண்டியிருக்கிறது

எனக்கு வந்ததிலேயே விசித்திரமானது. உண்ணி கடித்ததோ என்று சந்தேகப்பட்டேன். பல காலம் ஓய்ந்து கிடந்த தசைக்குள் இரத்தம் பாயும்போது நுண்குழாய்கள் விரிந்து பக்கத்து நரம்புகளைத் தூண்டுவது என்றுதான் விளக்கம் சொல்கிறார்கள். இரண்டு மூன்று வாரம் விடாமல் ஓடினால் தானாகவே நின்றுவிடும். இடைவெளி விட்டுத் தொடங்கினால் திரும்ப வரும். அரிப்போடு தடிப்பு எழும்பினால், உதடு வீங்கினால், தொண்டை அடைத்தால் கதை வேறு. அது ஒவ்வாமை, உடனே ஆஸ்பத்திரி.

பெனியனில் இரத்தம், தொடையிடுக்கில் எரிவு

தொடக்கத்தில் சொன்ன விசயம். ஈரத் துணி ஆயிரக்கணக்கான தரம் ஒரே இடத்தில் உரசுகிறது, வியர்வை காயக் காய உப்பு மணல் கடதாசி வேலை பார்க்கிறது. நம் ஊரில் பத்து நிமிடத்திலேயே சட்டை நனைந்துவிடுவதால் குளிர் நாட்டுக்காரருக்கு நீண்ட ஓட்டத்தில் வருவது நமக்குக் குறுகிய ஓட்டத்திலேயே வருகிறது. ஓடும்போது தெரியாது. குளிக்கும்போது முதல் வாளித் தண்ணீர் பட்டதும் தெரியும். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி கூவிவிட்டது.

பருத்திப் பெனியனை விடுங்கள். வீட்டில் இருக்க அது நல்லது, ஓட நல்லதில்லை, நனைந்தால் காயாமல் ஒட்டிக்கொள்ளும். பந்து விளையாடுகிற பெடியன்கள் போடுகிற மெல்லிய நைலோன் வகைச் சட்டை போதும், விலையானது தேவையில்லை. புறப்பட முன்னம் முலைக்காம்பு, கமக்கட்டு, தொடையிடுக்கு மூன்றிலும் வசலின். தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை, ஆனால் வியர்வையோடு சீக்கிரம் வழிந்துவிடும். நெஞ்சில் சின்னப் பிளாஸ்டர் ஒட்டுகிறவர்களும் உண்டு. மயிர் அடர்ந்தவர்கள் அதைக் கழற்றும் நேரத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இது மார்புக் கச்சையின் கீழ்ப்பட்டியில் வரும். என் மனைவி இரண்டாவது மாதத்தில் என்னோடு சேர்ந்தபோது அவருக்கு முதல் வந்த கஷ்டமே அதுதான். சாதாரணக் கச்சையில் ஓடினால் உரசலும் வலியும் இரண்டும் வரும். விளையாட்டுக்கென்று வருகிற அகலப் பட்டிக் கச்சை வாங்கிய பிறகுதான் சரியானது. சப்பாத்துக்கு முன்னம் அதற்குக் காசு ஒதுக்குங்கள் என்கிறார் அவர்.

பெருவிரல் நகம் கறுத்துவிட்டது

ஒவ்வொரு அடிக்கும் விரல் சப்பாத்தின் முன்பக்கத்தில் இடித்து, நகத்துக்குக் கீழே இரத்தம் கட்டுகிறது. பிழை நகத்தில் இல்லை, அளவில்.

நான் சப்பாத்து வாங்கிய கடையில் "கொஞ்சம் இறுக்கமா இருக்கே" என்று கேட்டேன். "போடப் போட விடும் அண்ணன்" என்றார் பெடியன். விடவில்லை, நகம்தான் விட்டது. ஓடுகிற சப்பாத்தில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். வழக்கமாக 8 போடுகிறவருக்கு 9 சரியாக வரலாம். வாங்கப் போவது பின்னேரமாக இருக்கட்டும், நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடுகிற சொக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். அளவு சரியாக இருந்தும் இடித்தால் நாடாவைக் கணுக்காலடியில் இறுக்கிக் கட்டுங்கள், கால் முன்னுக்கு வழுக்காது. நகத்தைக் குறுக்காக, நேராக வெட்டுங்கள்.

கறுத்த நகம் வலிக்காவிட்டால் தொடாதீர்கள். ஊசியைச் சூடாக்கிக் குத்துகிற வீட்டு வைத்தியம் வேண்டாம். கழன்று விழுந்து, புதிது முழுதாக வளர ஒரு வருடம், சில வேளை அதற்கும் மேலே பிடிக்கும். சீனி வருத்தக்காரர் மட்டும் இதைச் சும்மா விடக் கூடாது. ஓடிய ஒவ்வொரு நாளும் பாதத்தை வெளிச்சத்தில் பிடித்து, விரலிடுக்குவரை பாருங்கள். இடிபடாமலேயே நகத்தில் கறுப்புக் கோடு வந்து, நகம் வளர்ந்தும் நகராமல் நின்றால் அதையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் ஓரமாக வலி

இங்கேதான் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும். ஓடத் தொடங்கி விட்டுவிட்டவர்களில் நான் அறிந்த பாதிப் பேரை விழுத்தியது இந்த வலி. என்னையும் ஐந்து வாரம் இருத்தியது.

நடந்தது இது. ஆறாவது வாரத்தில் மூச்சு திடீரென்று இலகுவானது. கல்லடிப் பாலத்தில் ஏறி இறங்கியும் களைப்பு இல்லை. வாவியில் காற்று, கிழக்கே வெளிச்சம், எனக்குள்ளே ஒரு வீரன். நாலு நாள் தொடர்ந்து 5 கிலோமீட்டர் ஓடினேன். ஐந்தாம் நாள் விடிய, கட்டிலில் இருந்து கால் வைக்கும்போதே எலும்பு பேசியது.

இருதயமும் நுரையீரலும் சில வாரத்தில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கு வேண்டும். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் ஒரு கிடங்கு இருக்கிறது, புதிதாக ஓடுகிறவர் ஆறாவது எட்டாவது வாரத்தில் அதற்குள்தான் விழுகிறார். மூச்சு "போ" என்கிறது, எலும்பு இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே மூச்சு இலகுவான அந்த வாரத்தில்தான் தூரத்தைக் கூட்டாமல் இருக்க வேண்டும். இதை நான் அப்போதே அறிந்திருந்தால் ஐந்து வாரம் மிச்சம்.

சோதிப்பது எப்படி? எலும்பின் உள்ளோரமாகப் பெருவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டு வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், ஓடத் தொடங்கும்போது வலித்துச் சூடேறியதும் குறைந்தால், அது எலும்பை ஒட்டிய தசையும் சவ்வும் நோகிற வலி. அழுத்தும்போது ஒரே ஒரு புள்ளியில், ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தில் மட்டும் துடித்தால், ஒற்றைக் காலில் துள்ள முடியாவிட்டால், இராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம். ஓட்டத்தை அன்றோடு நிறுத்தி எலும்பு வைத்தியரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம். படம் நல்லாய் இருக்கிறது என்று திரும்ப ஓடப் போகாதீர்கள்.

பரவலான வலிதான் என்றால்: வலியில்லாமல் நடக்க முடியும்வரை ஓடாதீர்கள். சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம். திரும்பும்போது விட்ட இடத்தில் தொடங்காமல் பாதியில் தொடங்குங்கள். ஓடும் நாளுக்கு இடையில் ஒரு நாள் ஓய்வு, கட்டாயம். அடியைச் சின்னதாக்குங்கள், காலை முன்னுக்கு எறிந்து குதிக்காலால் குத்துகிறவருக்கு அடி பலமாக விழும். படியில் நுனிக்காலில் நின்று குதிக்காலை மெதுவாக ஏற்றி இறக்கும் பயிற்சி நாளுக்கு இரண்டு தரம், பதினைந்து பதினைந்தாக.

அடுத்தது தரை. மட்டக்களப்பில் மேடு என்றால் பாலம்தான், மற்றதெல்லாம் தட்டை. தட்டையான தார் றோட்டில் ஒவ்வொரு அடியும் அச்சடித்தது போல ஒரே மாதிரி விழும். கடற்கரை மணல் மெதுவாக இருக்குமே என்று நானும் இறங்கினேன். காய்ந்த மணலில் குதிக்கால் புதைந்து, கெண்டைக்கால் இரண்டு மடங்கு வேலை செய்து, எலும்பு வலியோடு கெண்டை வலியும் சேர்ந்தது. அலை தொட்டுப்போகிற ஈர மணல் இறுக்கமாக இருக்கும், ஆனால் கடல் பக்கம் சரிவு; போகும்போது ஒரு கால் பள்ளத்தில், மறுகால் மேட்டில். போன தூரம் அளவுக்குத் திரும்பியும் அதிலேயே வந்தால் ஓரளவு சமனாகும். நான் இப்போது வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஈர மணல், பத்து நிமிடம். மற்ற நாளில் இறுகிய மண் பாதையும் றோட்டும் மாறி மாறி.

விடிய எழும்பி வைக்கிற முதல் அடியில் குதிக்கால் குத்துகிறது

பாதத்தின் அடிச்சவ்வு. பத்து அடி நடந்ததும் குறைவது இதன் அடையாளம். வீட்டுக்குள் சீமெந்து நிலத்தில் வெறுங்காலோடு நடப்பது இதைக் கூட்டும், மெத்தென்ற செருப்பொன்றை வீட்டுக்கென்றே வையுங்கள். கட்டிலை விட்டு இறங்க முன்னம் துவாயை முன்பாதத்தில் மாட்டி உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். பிரிட்ஜில் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலைக் காலடியில் போட்டு உருட்டுங்கள். மாதங்கள் எடுக்கும், பொறுமை வேண்டும்.

முழங்கால் சில்லைச் சுற்றி, படி இறங்கும்போதும் கனநேரம் கதிரையில் இருந்து எழும்பும்போதும் வலித்தால் அதுவும் பெரும்பாலும் தூரத்தைச் சட்டென்று கூட்டியதன் வேலை. தூரத்தைக் குறைத்து, அடியைச் சின்னதாக்கி, தொடைக்கும் இடுப்புக்கும் பலம் சேருங்கள். முழங்கால் வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

பாதி வழியில் வயிறு கலக்குகிறது

யாரும் வெளியே சொல்லாத பிரச்சினை, ஆனால் ஓடுகிற எவரைத் தனியே கேட்டாலும் ஒரு கதை இருக்கும். ஓடும்போது இரத்தம் குடலை விட்டுக் காலுக்குப் போகிறது, குடலோ குலுங்குகிறது, சமிக்ஞை திடீரென்று வருகிறது. பேரம் பேச முடியாது.

என் கதை நாவலடிப் பக்கம் நடந்தது. விடிய 5.40. கிட்ட இருந்தது தூரத்து உறவு மாமி ஒருவரின் வீடு. தட்டினேன். நம் ஊரில் அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டால் என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. மாமி கதவைத் திறக்கும்போதே அழுகைக் குரலில் "ஆர் மனே, ஆருக்கு என்ன?" என்றார். எனக்குத்தான் மாமி, கழிவறை எங்கே என்றேன். இன்றைக்கும் கலியாண வீடுகளில் அவர் இந்தக் கதையைச் சொல்கிறார்.

ஓட முன்னம் வீட்டிலேயே முடித்துவிட்டுப் புறப்படுங்கள். ஒரு பிளேன்டீ குடித்து இருபது நிமிடம் பொறுத்தால் வேலை நடக்கும். பால் தேத்தண்ணி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முந்திய இரவு உறைப்புக் கறி, பருப்பு, கூடுதல் கீரை சாப்பிட்டிருந்தால் அடுத்த நாள் தூரம் போகாதீர்கள், வீட்டைச் சுற்றி வட்டமடியுங்கள். பாதையில் எங்கெங்கே கழிவறை இருக்கிறது என்று மனதில் ஒரு வரைபடம் இருக்கட்டும். கலக்கம் வந்ததும் நடைக்கு மாறினால் அனேகமாகப் பத்து நிமிடம் அவகாசம் கிடைக்கும். மலத்தில் இரத்தம் கண்டால் மட்டும் வைத்தியரிடம் போங்கள்.

நேற்று ஓடிய தூரம் இன்றைக்கு முடியவில்லை. நின்றதும் தலை சுற்றுகிறது

நேரத்தையும் காற்றையும் பாருங்கள். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும். கடலும் வாவியும் சூழ்ந்த ஊரில் காற்றில் ஈரம் கூட, வியர்வை காயாமல் வழிந்து மட்டும் போகும். அதே வேகத்துக்கு இருதயம் கூடுதலாக அடிக்கும். உங்கள் திறமை குறையவில்லை, வேகத்தைக் குறையுங்கள். ஆனி ஆடியில் கச்சான் அடிக்கும்போது (சாப்பிடுகிற கச்சான் இல்லை, மேற்கே இருந்து வருகிற நெருப்புக் காற்று) பின்னேர ஓட்டத்தை நான் நிறுத்திவிடுவேன். எங்கள் கரையில் சூரியன் 6 மணிக்கு முன்பின்னாகக் கடலில் இருந்து நேரே முகத்துக்கு வருவார், 7 மணிக்கே சுடும். 5 மணிக்குப் புறப்படுவதுதான் வழி. வெயிலுக்கு உடம்பு பழக இரண்டு வாரம் அளவில் பிடிக்கும்.

ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்த ஓட்டத்துக்குத் தாகம் எடுத்தால் குடித்தால் போதும். லீற்றர் லீற்றராக வெறும் தண்ணீரைத் தள்ளினால் இரத்தத்தில் உப்புக் குறைந்து அதுவே வருத்தமாகும். வந்த பிறகு உப்புப் போட்ட கஞ்சி, அல்லது தேசிக்காய்த் தண்ணியில் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் கூட, வியர்வையில் போன உப்பு குறைவு.

நின்றதும் தலை சுற்றினால் காரணம் சின்னது: ஓடும்போது காலின் தசைதான் இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றால் இரத்தம் காலில் தேங்கும். கடைசி ஐந்து நிமிடம் நடந்து முடியுங்கள்.

நாய் துரத்துகிறது

ஓடாதீர்கள். ஓடத்தானே வந்தோம் என்று தோன்றும், இருந்தாலும் நில்லுங்கள். ஓடுகிறதைத் துரத்துவது அதன் சுபாவம். அதன் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தி "அடீக்" என்று விரட்டிக் கல் எடுக்கிற மாதிரிக் குனியுங்கள். கல் இருக்கத் தேவையில்லை. முகத்தைக் காட்டியபடியே பின்னுக்கு நடந்து அதன் எல்லையை விட்டு வெளியே வாருங்கள். ஒரே நாய் நாள்தோறும் வந்தால் நாலு நாள் அந்த இடத்தை நடந்தே கடந்து அதற்கு உங்கள் முகத்தைப் பழக்குங்கள். எங்கள் ஒழுங்கைக் கறுவல் இப்போது என்னோடு முச்சந்திவரை ஓடி வருகிறான்.

கடித்தாலோ நகம் கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தெரிந்த நாய், ஊசி போட்ட நாய் என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம்.

சனம் நிறுத்திக் கேட்கிறது

"என்ன தம்பி, பஸ்ஸை விட்டிட்டீங்களா?" "ஏறுங்க, கொண்டு விடுறன்." "வீட்டில ஏதும் பிரச்சினையா?" முதல் மாதம் இதற்கெல்லாம் நின்று பதில் சொன்னேன், ஓட்டம் கெட்டது. இப்போது கையை உயர்த்தி "சீனி அண்ணன், சீனி" என்று சொல்லிக்கொண்டே போகிறேன். எங்கள் ஊரில் இதைவிடச் சீக்கிரம் விளங்குகிற காரணம் கிடையாது. உடனே அவர்கள் வீட்டுச் சீனிக் கணக்கு வரும், அதற்குள் நான் அடுத்த சந்தியில் இருப்பேன்.

பெண்களுக்கு இவ்வளவு இலகுவாக முடியாது. என் மனைவி தனியே ஓடியபோது மோட்டார்சைக்கிள்கள் வேகம் குறைத்தன. இப்போது பக்கத்து வீட்டு அக்காவும் இன்னொருவருமாக மூன்று பேர், வெளிச்சம் வந்த பிறகு, ஆட்கள் நடமாடுகிற வாவியோரப் பாதையில். ஆடை தளர்ந்த நீளக் காற்சட்டையும் முழங்காலுக்கு வருகிற சட்டையும். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவர்களுக்கு நிம்மதியாக ஓட முடிந்தது இதில்.

இருட்டில் போகிறவர் யாராக இருந்தாலும் வெள்ளைச் சட்டை போடுங்கள், றோட்டின் வலது பக்கமாக, வருகிற வாகனத்தைப் பார்த்தபடி ஓடுங்கள். பாட்டு வேண்டுமென்றால் ஒரு காதில் மட்டும்.

போன் சொல்லும் தூரம் ஒரு நாளைக்கு ஒரு மாதிரி

ஒருநாள் என் வரைபடக் கோடு பாலத்தை விட்டிறங்கி வாவிக்குள்ளால் போயிருந்தது. மீன் பாடுகிற வாவி என்பார்கள், நானும் கூடப் பாடப் போயிருக்கிறேன் போல. செய்மதிச் சமிக்ஞை தடுமாறினால், போன் சட்டைப் பைக்குள் குலுங்கினால் இப்படி விலகும். முதல் மூன்று மாதம் தூரத்தைப் பார்க்காமல் நேரத்தை மட்டும் பாருங்கள். 25 நிமிடம் என்றால் 25 நிமிடம்.

ஒரு மாதம் ஓடியும் எடை குறையவில்லை, கூடியிருக்கிறது

தராசைக் குறை சொல்ல வேண்டாம். ஓடத் தொடங்கிய தசை மாவுச்சத்தைச் சேமிக்கும். ஒரு கிராம் மாவுச்சத்தோடு மூன்று கிராம் அளவில் தண்ணீரும் தங்கும். அது முதல் வாரங்களின் கணக்கு. மற்றது வயிற்றின் கணக்கு. ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கலோரி அளவில் செலவாகும். 70 கிலோ ஆள் 3 கிலோமீட்டர் ஓடினால் 210. திரும்பும் வழியில் தேத்தண்ணிக் கடையில் ஒரு ரோல்ஸும் சீனி போட்ட பால் தேத்தண்ணியும் எடுத்தால் அது முடிந்தது. நான் மூன்று வாரம் இப்படித்தான் உழைத்துச் சாப்பிட்டேன். இடுப்புப் பட்டியின் ஓட்டையைப் பாருங்கள், இரத்தச் சீனியைப் பாருங்கள்; தராசு கடைசியாக அசையும்.

மழைக்காலம் வந்து சப்பாத்து நாறுகிறது

கார்த்திகை மார்கழியில் எங்கள் பக்கம் மழை விடாது, ஒழுங்கையெல்லாம் வெள்ளம். தேங்கிய தண்ணீருக்குள் ஓடாதீர்கள். கிடங்கு தெரியாது, வெள்ளத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், காலில் உரசல் காயம் இருந்தால் அதற்கு அதுவே வாசல். அந்த நாட்களில் விறாந்தையில் நின்ற இடத்து ஓட்டமும் படி ஏறி இறங்குவதும் போதும். மூன்று வாரம் விடுபட்டால் திரும்பும்போது பாதித் தூரத்தில் தொடங்குங்கள்.

நனைந்த சப்பாத்தை அடுப்படியிலோ கொளுத்தும் வெயிலிலோ வைத்தால் பசை விட்டு அடி கழரும். நாடாவையும் உள்மெத்தையையும் வெளியே எடுத்து, பழைய பத்திரிகையைக் கசக்கி உள்ளே திணித்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் தாள் ஊறிவிடும், மாற்றித் திணியுங்கள். அன்றைய பத்திரிகையை எடுத்துவிடாதீர்கள். வீட்டில் இன்னும் ஒருவர் வாசித்திருக்க மாட்டார்.